தப்போவ தாவரச் சுவடுகளின் வயது காபன்-14 ஆல் கணித்ததல்ல

புத்தளத்துக்கு அருகே தப்போவவில் கிடைத்த இலைச் சுவடுகள் 15 கோடி ஆண்டு பழையவை என்று காபன்-14 சோதனை காட்டியதாக மேலே ஒரு பதிவு சொல்கிறது; பலர் பகிர்ந்தும் விட்டார்கள். அவை ஜுராசிக் காலத்தவை என்பது சரி. முறைதான் தவறு.

காபன்-14 என்பது உயிரினம் இறந்தபின் சிதைந்து குறைந்துகொண்டே போகும் கதிரியக்கக் காபன். அதில் பாதி சிதைய எடுக்கும் காலம், அதாவது அரைவாழ்வுக்காலம், 5,730 ஆண்டுகள். உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அல்லது கல்குலேட்டரில் 1ஐ இரண்டால் பத்துத் தடவை வகுங்கள்: 57,300 ஆண்டுகளில் மிஞ்சுவது 1,024இல் ஒரு பங்கு. அதனால்தான் ஏறத்தாழ 50,000 ஆண்டுக்கு மேல் இந்த முறை உதவாது. இன்னொரு சிக்கலும் உண்டு. கோடி ஆண்டுப் பழைய மாதிரியில் வேர், பக்டீரியா வழியாக 1 சதவீதம் புதிய காபன் கலந்தாலே 40,000க்கும் குறைந்த பொய் வயது வரும். அந்த எண்ணை வைத்துத்தான் ‘இவை சில ஆயிரம் ஆண்டுப் பழையவைதான்’ என்ற எதிர்ப்பக்க வதந்திகளும் கிளம்புகின்றன.

தப்போவ படிவுகளின் வயது, அவற்றிலுள்ள டிலோஃபில்லம் போன்ற தாவர வகைகளை இந்தியாவில் வயது தெரிந்த ‘மேல் கொண்டுவானா’ என்ற பாறைத் தொகுதியிலுள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பெறப்பட்டது. இடையில் எரிமலைச் சாம்பல் படை இருக்கும் இடங்களில் சிர்க்கோன் என்ற கனிம மணிகளின் யுரேனியம்-ஈய விகிதத்தை அளப்பார்கள்.

காபன்-14 உண்மையில் கைகொடுப்பது ஹோர்டன் சமவெளி முற்றாநிலக்கரி (சதுப்பில் பாதி மக்கிய தாவரப் படிவு) போன்ற இளம் படிவுகளுக்கு. அங்குள்ள மகரந்தத்திலிருந்து பழைய பருவமழை மாற்றங்களைக் கணிக்கிறார்கள்.

இனி யாராவது வயது சொன்னால், எந்த மூலகம், அதன் அரைவாழ்வு என்ன என்ற இரண்டையும் கேளுங்கள். பதிவிட்டவர் அந்த ஒரு வரியைத் திருத்தினால் நல்லது.