கோயிலைக் குறை சொல்வதற்கு முன்

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயாளியை வீட்டில் வைத்துப் பராமரிப்பவர்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே, அவர்கள் மருத்துவரிடம் போகாமல் கோயிலிலும் தர்காவிலும் காலத்தைக் கழிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுதான் முதலில் வருகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்காவுக்கு அருகிலிருந்த மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்பிக்க வழியின்றித் தீயில் கருகி, 28 உயிர்கள் போன பிறகு அது நியாயமாகவும் தோன்றியது. சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. அதில் மறுபேச்சுக்கு இடமில்லை. ஆனால் நான் அறிந்த குடும்பங்களில் பல, மனநோய் தீரும் என்று நம்பி குணசீலம் பெருமாள் கோயிலுக்கும் போகின்றன, மாத்திரையும் கொடுக்கின்றன. செய்வினை என்று நம்பும் தாய்தான், மாத்திரை தீர்வதற்குள் அரசு மருத்துவமனை வரிசையிலும் போய் நிற்கிறார். வளர்ப்பு சரியில்லை என்று உறவினர்கள் சுமத்தும் பழியைவிட, யாரோ வைத்த வினை என்ற விளக்கம் அவருக்குத் தாங்கக்கூடியதாக இருக்கிறது. மருந்து நிற்காதவரை அந்த நம்பிக்கையோடு எனக்குச் சண்டையில்லை.

என் கோபமெல்லாம் படித்த குடும்பங்களிலும் உலவும் வேறு இரண்டு நம்பிக்கைகள் மீது.

ஒன்று, 'இது சோம்பேறித்தனம்' என்பது. காதில் கேட்கும் குரல்களும் சந்தேகங்களும் மருந்தில் அடங்கிய பிறகும், குளிக்காமல், பேசாமல், எதிலும் ஈடுபாடின்றிச் சுருண்டு கிடப்பது பெரும்பாலும் நோயின் பகுதியே. ஓயாமல் குத்திப் பேசும் வீட்டுக்குத் திரும்பும் நோயாளிக்கு நோய் மீண்டும் தலைதூக்கும் வாய்ப்பு அதிகம் என்பதை, லண்டனில் சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுன் தொடங்கிவைத்த ஆய்வுகள் அரை நூற்றாண்டுக்கு முன்பே காட்டிவிட்டன. அப்படிக் குத்திப் பேசுகிறவரும் இரவெல்லாம் விழித்திருந்து, வேலையை விட்டு, கல்யாணம் காட்சிக்குப் போவதையே நிறுத்திவிட்டவர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவரிடம் யாரும் உட்கார்ந்து விளக்கியதில்லை. உறவினர் ஒருவர் நோயாளியுடன் தங்கியிருந்து நோயைப் புரிந்துகொள்ளும் முறையை வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையம் பல ஆண்டுகளாகக் கடைப்பிடிக்கிறது. மற்ற இடங்களில் சீட்டு எழுதி முடிப்பதற்கே மருத்துவருக்கு நேரம் போதவில்லை.

இன்னொன்று, 'ஒரு கால்கட்டு போட்டால் சரியாகிவிடும்' என்பது. இதை நான் மன்னிக்கத் தயாரில்லை. பெண் வீட்டாருக்குத் தெரியக்கூடாது என்று முகூர்த்தத்துக்கு முன்பே மாத்திரையை நிறுத்துகிறார்கள். சில வாரங்களில் நோய் திரும்பும்போது, பராமரிக்கும் பொறுப்பு நேற்று வந்த மருமகளின் தலையில் விழுகிறது. நோய் பெண்ணுக்கு என்றால் கதை வேறு விதமாகப் போகும். முறையான விவாகரத்தோ ஜீவனாம்சமோ இல்லாமல் அவள் பிறந்த வீட்டு வாசலில் இறக்கிவிடப்படுகிறாள். சென்னையில் உள்ள மனச்சிதைவு ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃபின் மருத்துவர் தாராவும் சக ஆய்வாளர்களும் இத்தகைய பெண்களையும் அவர்களுடைய வயதான பெற்றோரையும் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் பெற்றோரின் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: 'எங்களுக்குப் பிறகு யார்?' அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் போன்றவற்றுக்குப் பாதுகாவலரை நியமிக்க 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி செய்கிறது. மனச்சிதைவு அந்தப் பட்டியலில் இல்லை. 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும் நியமனப் பிரதிநிதி சிகிச்சை தொடர்பான முடிவுகளுக்கு மட்டுமே உதவுவார். வங்கிக் கணக்கையும் சொத்தையும் தாமே நிர்வகிக்க முடியாத மகனுக்காக, எழுபது வயதுத் தாய் பல நேரங்களில் உயர் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கிறது. மூடநம்பிக்கையைக் கண்டித்துப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், இந்தச் சட்டங்களைத் திருத்தக் கோரி ஒரு மனுவாவது போட்டிருக்கலாம்.