நூலைச் சுற்றாமல் எடை சொல்ல முடியாது

நீளத்தை மட்டும் வைத்து மீன் எடை சொல்லும் அட்டவணையைக் கட்டுரையில் கொடுத்திருக்கிறீர்கள். ஒரே கண்மாயில் ஒரே வகை மீன் என்றால் அது ஓரளவு சரிவரும். ஆனால் மேலூர்ப் பக்கம் மீன்பிடித் திருவிழாவில் ஊத்தா என்கிற மீன்பிடிக் கூடையில் கட்லாவும் விழும், விராலும் விழும். இரண்டும் 60 செ.மீ. இருந்தாலும் எடை எங்கே ஒத்துப்போகும்?

முதுகுத் துடுப்பு தொடங்கும் இடத்தில், உடம்பு பருத்திருக்கும் பக்கமாக நூலைச் சுற்றி செ.மீ.யில் அளக்க வேண்டும். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 29ஆல் வகுத்தால் கிராமில் எடை வரும். தூண்டில்காரர்கள் அங்குலத்தில் அளந்து 800ஆல் வகுத்துப் பவுண்டில் சொல்வார்களே, அதே கணக்குதான்.

60 செ.மீ. கட்லாவுக்குச் சுற்றளவு 45 என்றால் சுமார் 4.2 கிலோ. நீளத்தில் 1 செ.மீ. பிசகினால் 70 கிராம்தான் மாறும். சுற்றளவில் பிசகினால் கிட்டத்தட்ட 190 கிராம்! நூலை வயிறு அமுங்க இறுக்கக் கூடாது, தொளதொளவென்றும் விடக் கூடாது.

விராலுக்கு இந்த 29 கொஞ்சம் குறைத்தே காட்டும். அதன் உடம்பு உருளையாக வால்வரை போகிறது, கட்லா போலச் சட்டென்று ஒடுங்குவதில்லை. சினை மீன் வேறு கணக்கு. வாலை எந்த முனைவரை அளப்பது என்பதையும் கட்டுரையில் சொல்லியிருக்கலாம். கரையில் நின்று “அஞ்சு கிலோ தேறும்ணே” என்பவரிடம் முதலில் ஒரு டெய்லர் டேப்பைக் கொடுங்கள்.