வார ஓய்வு தாளில், நைட் டூட்டி வீட்டில்

காவலருக்கும் தலைமைக் காவலருக்கும் வாரத்தில் ஒருநாள் ஓய்வு என்று 2021லேயே அரசாணை வந்துவிட்டது. பிறந்தநாள், கல்யாண நாளுக்கும் லீவு என்றார்கள். சரி, சந்தோஷம். ஆனால் போலீஸ்காரரான எங்கள் வீட்டுக்காரரின் ஓய்வு நாளன்றுதான் ஊருக்குள் எவராவது வி.ஐ.பி. வருவார், இல்லையென்றால் தேர்த் திருவிழா. பந்தோபஸ்து என்றால் அரசாணையாவது ஒன்றாவது!

நைட் டூட்டியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். விடிய விடிய ரவுண்ட்ஸ் போய், பூட்டிய ஏ.டி.எம்., நகைக்கடை வாசல் எல்லாம் ரோந்து வந்ததற்கு அத்தாட்சியான பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருபவரை, பத்து மணிக்கு கோர்ட் டூட்டி என்று ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் கூப்பிடுகிறாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. சாட்சி சொல்லக் கூண்டில் ஏறுகிறவருக்குக் கண் சொருகினால் வக்கீல் சும்மா விடுவாரா? அதற்கும் திட்டு இவருக்குத்தான்.

நாளைக்கு என்ன டூட்டி என்பது இன்று ராத்திரி வாட்ஸ்அப்பில் வந்தால்தான் தெரியும். பெண்ணுக்குப் பல் டாக்டரிடம் நேரம் வாங்க முடியவில்லை. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு வருவதாக வாக்குக் கொடுக்க முடியவில்லை. தூக்கமில்லாத மனுஷனுக்குக் குழம்பில் உப்பு குறைந்தால்கூடக் கோபம் வருகிறது. இந்த அழகில், மன அழுத்தம் குறைய யோகா வகுப்பாம். அதையும் ஓய்வு நாளில்தான் வைக்கிறார்கள். வராவிட்டால் மெமோ!

யோகாவெல்லாம் அப்புறம் பார்க்கலாம், ஐயா. முதலில் அந்த டூட்டி பட்டியலை ஒரு வாரம் முன்னால் ஒட்டுங்கள்.