டோங் ஹோ படத்தில் பாதி தாள்தான்

டோங் ஹோ படம் என்பது வியட்நாமின் டோங் ஹோ ஊரில் மரக்கட்டையால் கையில் அச்சிடும் நாட்டுப்புறப் படம். வழவழப்பான தாளில் மெஷினில் அடித்து, அதே பெயரில் விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. படத்திலுள்ள தாய்ப்பன்றி, குட்டிகள், விலாவில் சுழி எல்லாம் அச்சு அசலாக இருக்கும். அந்த ஊர்த் தாள் மட்டும் இருக்காது. டோங் ஹோவில் தாளே படத்தில் பாதி.

பாக் நின் மாகாணத்தில், துவோங் ஆற்றங்கரையில் இருக்கிறது இந்த ஊர். 'ஸோ' மரப்பட்டை நாரில் செய்த தாளை அப்படியே அச்சுக்கு எடுப்பதில்லை. கடல் சிப்பியை மாவாக இடித்து, ஒட்டரிசிக் கஞ்சியில் கலந்து, பைன் ஊசியிலைத் தூரிகையால் பூசுவார்கள். மினுமினுப்பும் மெல்லிய வரிகளும் அப்படித்தான் வருகின்றன. கஞ்சி நீர்த்துப்போனால் சிப்பித்தூள் உதிரும். கெட்டியானால் தாள் விறைத்து, மடங்கும் இடத்தில் வெடிக்கும்.

நிறங்களும் அந்த மண்ணில் கிடைப்பவையே. மூங்கில் இலைக் கரியைத் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறவைத்தால் கறுப்பு. சாம்பலாகும்வரை எரியவிட்டால் கறுப்பு கிடைக்காது. செங்கல்லை அரைத்தால் சிவப்பு என்று சிலர் எழுதுகிறார்கள், தவறு. அது மலையில் கிடைக்கும் செந்நிறச் சரளைக்கல். 'ஹோயே' மரத்தின் பூமொட்டில் மஞ்சள், சிப்பியில் வெள்ளை.

ஒரு நிறத்துக்கு ஒரு செதுக்கிய அச்சுக்கட்டை. கறுப்புக் கோடுகளை அச்சிடும் கோட்டுக் கட்டைக்கு 'தி' மரம். நெருங்கிய இழை, எத்திசையில் உளி போனாலும் பிளக்காது. நிறக் கட்டைக்குச் சாயம் நன்றாகப் பிடிக்கும் 'மோ' மரம். கட்டையைச் சாயத்தில் ஒற்றி, தாள்மேல் அழுத்தி, தாளோடு சேர்த்துத் திருப்பி, தாளின் முதுகில் பீர்க்கங்கூட்டால் தேய்ப்பார்கள். தேய்ப்பு சீராக இல்லையென்றால் திட்டுத்திட்டாகும். சிவப்பு முதலில், கறுப்புக் கோடு கடைசியில். ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. ஈரக்காற்றில் அவசரப்பட்டால் நிறங்கள் இழுபடும். கட்டை இம்மி நகர்ந்தாலும் நிறம் கோட்டைத் தாண்டும். கறுப்பு கடைசியில் வருவதால் சின்னப் பிசகுகள் கோட்டுக்குள் மறையும். எவ்வளவு யோசித்துச் செய்த வரிசை!

ஹனோயின் ஹாங் சோங் படங்களை இதோடு குழப்பாதீர்கள். அங்கே கோடு மட்டும்தான் அச்சு. நிறம் கையால், தூரிகையால்.

வாங்கும்போது படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தாள் மினுங்க வேண்டும், தூரிகை வரிகள் தெரிய வேண்டும். நல்ல படம் கிடைத்தால் தயவுசெய்து லேமினேஷன் போடாதீர்கள். பிளாஸ்டிக் ஒட்டியதும் அந்தச் சிப்பி மினுக்கம் போய்விடும், திரும்பக் கொண்டுவரவும் முடியாது. கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டுச் சட்டம் போடுங்கள், வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்.