சந்தேகப் பிராணி எழுதுவது

ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில், பிள்ளைகளின் லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றும் முகாமில் நடந்ததைப் பற்றி ஆளாளுக்கு எழுதியாயிற்று. என் தலையைச் சுற்றி வட்டம் போட்டு 'சந்தேகப் பிராணி' என்று ஸ்டிக்கரே வந்துவிட்டது. நன்றாகத்தான் இருக்கிறது, நானும் சிரித்தேன்.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பென்டிரைவில் கொண்டுவந்த உபுண்டு ஐஎஸ்ஓவை, அதாவது அந்த லினக்ஸை நிறுவும் கோப்பை, பிள்ளைகளின் லேப்டாப்பில் ஏற்றும் முன் அதன் மின்னணுக் கையெழுத்தைச் சரிபார்த்தீர்களா? "டைம் இல்லை" என்றார்கள். முகாமை நிறுத்தச் சொன்னேனா? யாரையாவது திருடன் என்றேனா? கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து, கையெழுத்தைச் சோதிக்கும் ஜிபிஜி நிரலுக்கு 'ஜிபிஜி வெரிஃபை' என்று அடித்து, ஒவ்வொரு ஐஎஸ்ஓவுக்கும் உரிய சரிபார்ப்பு எண் இருக்கும் ஷா256சம்ஸ் பட்டியலையும் கூடவே வரும் கையெழுத்துக் கோப்பையும் கொடுத்தால், பட்டியல் உபுண்டுக்காரர்கள் ஒப்பமிட்டதுதானா என்று தெரிந்துவிடும். அப்புறம் நம் ஐஎஸ்ஓவைக் கணக்கிட்டால் வரும் எண் அந்தப் பட்டியலோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். கையெழுத்தைச் சோதிக்க உபுண்டுக்காரர்கள் வெளியிட்டிருக்கும் சாவி கையில் இருந்தால் இரண்டு நிமிட வேலை.

"எண்தான் ஒத்துப்போச்சே அண்ணா" என்ற தம்பிக்கு: எந்த எண்ணோடு? ஐஎஸ்ஓ கிடைத்த அதே பக்கத்தில் போட்டிருந்த எண்ணோடு! 2016 பிப்ரவரியில் இன்னொரு லினக்ஸான லினக்ஸ் மின்ட்டின் தளத்துக்குள் புகுந்தவர்கள் 17.3 சினமன் பதிப்பின் டவுன்லோட் இணைப்பை மாற்றி, பின்கதவு (கணினிக்குள் நுழையத் திருட்டு வழி) வைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். இணைப்பை மாற்ற முடிந்தவனுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? கோப்பு வழியில் சிதையவில்லை என்பதுவரை அந்த எண் சொல்லும். யாரிடமிருந்து வந்தது என்று கையெழுத்துதான் சொல்லும். அன்றைக்கும் இதைத்தான் சொன்னேன், யாராவது காதில் வாங்கினால்தானே.

என் லேப்டாப்பில் செய்து காட்டியபோது 'குட் சிக்னேச்சர்' என்று வந்து, கீழேயே 'வார்னிங்' என்றும் வந்ததும் ஒரே சிரிப்பு. அது எர்ரர் இல்லை சார். கையெழுத்து சரி, ஆனால் இந்தச் சாவி இன்னாருடையதுதான் என்று நீ இன்னும் உறுதி செய்யவில்லை என்கிறது. அதற்குத்தான் சாவியின் அடையாளமான 40 எழுத்துக் கைரேகையை வேறொரு வழியில் வாங்கி முழுசாக ஒப்பிடச் சொன்னேன். கடைசி எட்டெழுத்து போதாது, அதே எட்டெழுத்தில் முடிகிற போலிச் சாவியைச் சாதாரணக் கணினியிலேயே உருவாக்கிவிடலாம். ஜிபிஜி மனுஷனைப் பயமுறுத்துகிற மாதிரிதான் பேசும், ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது எக்ஸ்இசட் கதையோடு யாராவது வருவார்கள். 2024-இல் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகள் இரண்டிலும் பின்கதவு வைத்ததே அதைப் பராமரித்த ஆள்தானே, கையெழுத்து சரியாகத்தானே இருந்தது என்று. உண்மை. தொலைவில் இருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சில் உள்நுழைவு அரை வினாடி தாமதமாவதைக் கவனித்து ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் தோண்டியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. கையெழுத்துப் போட்டவன் யோக்கியனா என்று கையெழுத்து சொல்லாது. அதனால் யார் போட்டது என்றுகூடப் பார்க்க வேண்டாமா? "உபுண்டுவில் ஆப்ட் கட்டளையால் மென்பொருள் இறக்கும்போது மட்டும் கையெழுத்தைப் பார்க்கிறீர்களா" என்கிறார் இன்னொருவர். ஆப்ட் அதைத் தானே பார்த்துக்கொள்கிறது, ஐயா. பென்டிரைவ் பார்க்காது.

ஓணம் வந்தால் கேரள எல்லையில் மீனாட்சிபுரம் செக்போஸ்ட்டில் தமிழ்நாட்டிலிருந்து வரும் பால் வண்டியை நிறுத்திச் சோதித்துத்தான் விடுகிறார்கள். பால்காரர் எவராவது மானம் போச்சு என்று ஸ்டிக்கர் அடித்தாரா?

நம்ம பக்கத்தில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் ஒருவர், தேடலில் முதலில் வந்த விளம்பரத்தைத் தொட்டு ஏதோ இலவச மென்பொருளை இறக்கிவிட்டு, மறுநாள் கணினியைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார். ஒரு கோப்பும் திறக்கவில்லை. யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அதில்தான். பென்சிலால் கிறுக்கிய பழைய சிட்டைகளைப் பையில் இருந்து கொட்டி, ஒவ்வொன்றாக மடிப்பு நீக்கி மேசையில் அடுக்கினார். நான் விண்டோஸை மாற்றிப் போட்டுக் கொடுத்தேன், வேறென்ன செய்வது. அந்த மனுஷனிடம் போய்ச் சொல்லுங்கள், "டைம் இல்லை" என்று.

எனக்கு உறைத்தது எது தெரியுமா? பிராணி என்றதுகூட இல்லை. கேரளப் பள்ளிக்கூடங்களில் லினக்ஸில் படிக்கும் பிள்ளைகள் சுற்றி நிற்க, அவர்கள் முன்னால் "இதெல்லாம் தேவையில்லாத வேலை" என்று சொல்லிவிட்டுப் போனதுதான். ஒரு பெண் மட்டும் அந்தக் கட்டளையை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள், மாஷ் (வாத்தியார்) வந்து "அது பிறகு பார்க்கலாம் மோளே" என்று மூடச் சொன்னார். வயரிங், புரொஜெக்டர், ஸ்பைக் பஸ்டர் எல்லாவற்றுக்கும் நான் வேண்டும். வாயைத் திறந்தால் மட்டும் ஆகாது.

அடுத்த முகாம் பாலக்காட்டுச் சித்தூரிலாம். எக்ஸ்டென்ஷன் போர்டு கேட்டு நேற்றே மெசேஜ் வந்துவிட்டது. போர்டு தருகிறேன், நானும் வருகிறேன், சரிபார்த்தீர்களா என்று அங்கேயும் கேட்பேன். ஸ்டிக்கருக்கு இந்த முறை கொஞ்சம் நல்ல போட்டோவாக எடுங்கள்.