எங்கே வைத்தாலும் அப்படித்தான் இருப்போமாம்

அந்த டிவி விவாதத் துண்டை நேற்றிலிருந்து என் நட்பு வட்டத்திலேயே பலர் பகிர்ந்துவிட்டீர்கள், சிரிப்புப் பொம்மையோடு. "அவங்களை எங்கே கொண்டுபோய் வெச்சாலும் அந்த இடத்தை அப்படித்தான் ஆக்குவாங்க" என்று, ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து இடம் மாற்றப்பட்ட எங்களைப் போன்றவர்களைச் சொல்கிறார் அதில் பேசிய ஒரு குடியிருப்போர் சங்கத்துக்காரர்.

நான் சென்னையின் தெற்கு ஓரத்தில் உள்ள கண்ணகி நகரில் வளர்ந்தவன். கூவம், அடையாற்றுக் கரைகளில் இருந்தவர்களை 2000 வாக்கில் இருந்து அங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். யாரும் விரும்பிப் போய்க் குடியேறவில்லை. ஒரு குடும்பத்துக்குச் சுமார் 200 சதுர அடி.

அம்மா மயிலாப்பூரில் வீட்டு வேலை செய்தார். முன்பு நடந்தே போவார். இடம் மாறியதும் இரண்டு பஸ். விடிகாலையில் போய் நிற்க முடியாமல் ஒவ்வொரு வீடாகக் கைவிட்டுப் போனது. பாதிக் கல்வியாண்டில் பெயர்த்தெடுத்ததில் அண்ணனின் படிப்பு ஒன்பதாவதோடு நின்றது. வேலை கேட்டுப் போனால் முகவரியைப் பார்த்ததும் "சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். அப்புறம் ராயப்பேட்டை அத்தை வீட்டு முகவரியைப் போட்டான். வேலை கிடைத்தது. ஆள் அதே ஆள்தான். மாறியது முகவரி மட்டும்.

"அங்கே கஞ்சா விற்கவில்லையா, வெட்டுக்குத்து இல்லையா?" என்று வருவீர்கள். இருக்கிறது. அதனால் முதலில் பாதிக்கப்படுவதும் நாங்கள்தான். ஆனால் பள்ளியையும் பிழைப்பையும் பிடுங்கிவிட்டு, ஊருக்கு வெளியே ஒரே இடத்தில் அத்தனை பேரையும் அடைத்தது யார்? இடம் மனிதனை மாற்றும். அந்த இடத்தை எப்படி அமைப்பது என்று முடிவு செய்தவர்கள் நாங்கள் இல்லை.

"கஷ்டப்பட்டு முன்னேறியவர்களும் இருக்கிறார்களே" என்பதும் வரும். இருக்கிறார்கள். 2025இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் எங்கள் ஊர்ப் பெண்ணும் இருந்தாள். அன்றைக்கு மட்டும் "நம்ம சென்னைப் பொண்ணு" என்றீர்கள். மற்ற நாட்களில் நாங்கள் "அவங்க".

இடத்தைக் கெடுப்பது பற்றிப் பேச வேண்டுமானால் பள்ளிக்கரணையிலிருந்து தொடங்குங்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த அந்தச் சதுப்பு நிலத்தில் எஞ்சியிருப்பது கொஞ்சம்தான். மீதியில் குப்பைக் கிடங்கு, சாலை, ஐடி கட்டடங்கள், அடுக்குமாடிகள். 2015 வெள்ளத்தில் தண்ணீர் தன் பழைய இடத்துக்கே வந்து நின்றபோது, அங்கே வீடு வாங்கியவர்களை யாராவது "இவங்க எங்கே போனாலும் இப்படித்தான்" என்று சொன்னார்களா? படகு அனுப்பினார்கள். அனுப்பத்தான் வேண்டும். எங்களுக்கும் அதே பேச்சு வேண்டும், அதே பஸ், அதே பள்ளிக்கூடம்.

சிரிப்புப் பொம்மை போட்ட நண்பர்களே, அந்த "அவங்க"வில் என் அம்மாவும் இருக்கிறார். பகிர்ந்ததை எடுத்துவிடுங்கள். எடுக்க மனமில்லாதவர்கள் என் நட்புப் பட்டியலிலிருந்து போய்விடலாம்.