முகராசி இல்லை, நிற்கிற விதம்

மே மாதத்தில் ஊட்டி சேரிங் கிராஸ் சந்திப்பில் சும்மா நின்று கவனியுங்கள். அத்தனை கூட்டத்திலும் வழி கேட்பவர்கள் திரும்பத் திரும்ப அதே நாலைந்து பேரிடம்தான் போவார்கள். "அவங்களுக்கு முகராசி" என்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

முகத்துக்கும் பங்கு உண்டுதான். புதுமுகத்தை நம்பலாமா என்று மனசு கணிக்க நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும் என்று வில்லிஸ், தொடரோவ் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் காட்டினார்கள். ஆனால் தெருவில் முகத்துக்கு முன்னால் கண்ணில் படுவது காலும் கையும். வந்தவர்கள் எல்லாம் குல்லா, மஃப்ளர் என்று போர்த்தித் திரியும்போது, செருப்புக் காலோடு, ஒரு கையில் மார்க்கெட் கட்டைப்பை, மறு கையில் மடக்கிய குடையோடு நிற்பவர் உள்ளூர்க்காரர் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவர் தனியாக நிற்க வேண்டும், செல்போனில் குனிந்திருக்கக் கூடாது, காதில் எதையும் மாட்டியிருக்கக் கூடாது. இவ்வளவும் அமைந்தால் கேட்பவர் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும். குழந்தையோடு வரும் பெண், கழிப்பறை எங்கே என்று கேட்க ஆட்டோ ஸ்டாண்டைத் தாண்டிப் போய்ப் பூக்கார அம்மாவிடம்தான் நிற்பார். ஆட்டோவில் கேட்டால் சவாரிக்குக் கூப்பிடுவார்களோ என்ற தயக்கமும் உண்டு.

ஆக, உங்களிடம் ஒருவர் வந்து கேட்கிறார் என்றால் பலரை விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார். அதற்கேற்ற பதில் கொடுக்க வேண்டாமா?

நம் ஊரில் கெடுவது "இதோ பக்கத்துலதான்" என்ற பதிலில். பஸ் ஸ்டாண்டிலிருந்து தாவரவியல் பூங்கா இரண்டு கிலோமீட்டருக்கு மேல். நமக்கு அது பக்கம். சமவெளியிலிருந்து அன்றுதான், கடல் மட்டத்துக்கு 2,200 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊட்டிக்கு ஏறி வந்த பெரியவருக்கு மூச்சு வாங்கும். முதலில் "நடந்தா, வண்டியிலயா?" என்று கேளுங்கள். தூரத்தைச் சொல்லாமல் நிமிஷத்தைச் சொல்லுங்கள். ஏற்றம் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டு திருப்பத்துக்கு மேல் சொன்னால் மனசில் நிற்காது. இரண்டாவது திருப்பம் வரை சொல்லி, "அங்க போய் இன்னொருத்தரைக் கேளுங்க" என்றால் போதும்.

வழி தெரிந்தால் மட்டும் போதாது. மசினகுடிக்கு மேப் கல்லட்டி வழியைக் காட்டும், தூரமும் குறைவு. ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுள்ள அந்த இறக்கத்தில் வெளியூர் வண்டிகளை விடுவதில்லை. கல்லட்டி சாலை பிரிவது தலைக்குந்தாவில். "நேரா தலைக்குந்தா போங்க" என்று மட்டும் சொன்னால் அவர்கள் அங்கே கல்லட்டிப் பக்கம் திரும்பி மாட்டிக்கொள்வார்கள். கூடலூர் சுற்றித்தான் போகணும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

தெரியாவிட்டால் "தெரியலைங்க" என்று சொல்லுங்கள். வெட்கப்பட்டுக் கையை எங்கோ நீட்டுவதால்தான் குடும்பங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கமர்சியல் ரோட்டில் இரண்டு தரம் மேலும் கீழும் நடக்கின்றன. பஸ் விஷயமென்றால் ஸ்டாண்டில் டைம் கீப்பரிடம் அனுப்புங்கள். மருந்து, ஆஸ்பத்திரி என்றால் மெடிக்கல் ஷாப்.

பூக்கார அம்மாவும் மெடிக்கல்காரரும் வியாபாரத்துக்கு நடுவே நாள் முழுக்கக் கழிப்பறைக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த மூலையில், கண் மட்டத்தில், தமிழிலும் மலையாளத்திலும் கன்னடத்திலும் அம்புக்குறி போட்ட ஒரு பலகையை சீசனுக்கு முன்பே வைக்கலாம்.